மண் குவளையும் தோல் பந்தும்

புனே. 1890களின் நடுப்பகுதி. மைதானத்தில் கிரிக்கெட் மேட்ச். ஒரு பக்கம் வெள்ளைக்காரர்கள். எதிர்ப்பக்கம் புனேவின் இந்து கிளப்.

டீ இடைவேளை வருகிறது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஆட்டக்காரர்கள் பெவிலியனுக்குள் போகிறார்கள். பீங்கான் கோப்பைகளில் ஆவி பறக்க டீ. ஒரே ஒருவர் மட்டும் உள்ளே போகவில்லை. வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறார்.

அவருக்கும் டீ உண்டு. ஆனால், மண் குவளையில். குடித்து முடித்ததும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். முகம் கழுவ வேண்டுமா? அதற்கென்று, அவரைப் போலவே ஒதுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒரு வேலையாள் மைதானத்தின் மூலையில் தண்ணீர் கொண்டுவந்து தருவார். மதியச் சாப்பாட்டுக்குத் தனித் தட்டு, தனி மேஜை.

வெளியே நிற்கிற ஆள் எடுபிடி இல்லை, உபரி ஆட்டக்காரரும் இல்லை. அன்றைக்கு அந்த டீம் ஜெயிப்பதும் தோற்பதும் அவருடைய இடது கையில்தான் இருக்கிறது. அவர் பந்து போட்டால் வெள்ளைக்கார அதிகாரிகளின் ஸ்டம்புகள் பறக்கின்றன. பறந்ததும் சக ஆட்டக்காரர்கள் கைதட்டுகிறார்கள். அவர் தொட்ட பந்தை அவர்களும் தொடுகிறார்கள். பந்துக்குத் தீட்டு இல்லை. கோப்பைக்கு மட்டும் இருக்கிறது!

'ஏனுங்க, இது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்குதே' என்று கோயமுத்தூர்ப் பக்கத்து வாசகர்களுக்குத் தோன்றினால் ஆச்சரியமில்லை. கொங்கு நாட்டு டீக்கடைகளின் இரட்டைக் குவளையைப் பற்றிப் படிக்காதவர்கள் இங்கே யார்? சிலருக்குக் கண்கண்ட கிளாஸ், சிலருக்குக் கொட்டாங்குச்சி, பிற்பாடு நாகரிகம் முற்றியதும் பிளாஸ்டிக் கப். 2000களிலும் செய்தித்தாள்களில் அடிபட்ட விஷயம்தானே!

வாசலில் நின்ற அந்த மனிதரின் பெயர் பல்வங்கர் பாலு. இந்தியாவின் முதல் மாபெரும் பந்துவீச்சாளர். பந்துவீச்சையே பிழைப்பாகத் தொடங்கிய ஆள். சச்சின், கவாஸ்கர், கபில்தேவ் என்று கடகடவென ஒப்பிப்பவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் 'யாரு?' என்றுதான் பதில் வரும்.

* * *

1870களின் நடுவில், தார்வாடில் பிறந்தவர் பாலு. பூர்வீகம் கொங்கணக் கரையில் உள்ள பல்வன் என்ற ஊர். அதிலிருந்துதான் பல்வங்கர். குடும்பம் தோல் தொழில் செய்யும் சம்பார் சாதியைச் சேர்ந்தது. அப்பாவுக்கு ராணுவத்தை ஒட்டிய வேலை. அதனால் ஜாகை புனேவுக்கு மாறியது. அதிகாரிகள் விளையாடித் தேய்ந்துபோய்க் கழித்துப்போட்ட மட்டைகளும் பந்துகளும்தான் பாலுவுக்கும் தம்பி சிவராமுக்கும் விளையாட்டுச் சாமான்கள்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். கிரிக்கெட் பந்து எதனால் ஆனது? உள்ளே தக்கையும் நூலும். மேலே தோல். மாட்டுத் தோல்! அதைப் பதப்படுத்துகிறவர், தைக்கிறவர் எல்லாம் ஊருக்கு வெளியே. தைத்து முடித்த பந்து மட்டும் ஊருக்குள், பெவிலியனுக்குள், சாஸ்திரோக்தமாக வளர்ந்த பிள்ளைகளின் கைக்குள்.

இதை விளங்கிக்கொள்ள புனே வரைக்கும் போக வேண்டியதில்லை. நம் தாத்தா காலத்துக் கவலையை நினைத்துக்கொள்ளுங்கள். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து பம்ப்செட்டுகள் ஓட ஆரம்பிக்கும் வரைக்கும், கொங்கு நாட்டுக் காடு தோட்டமெல்லாம் கவலை இறைத்துத்தான் விளைந்தது. இரண்டு எருது, நீளமான கயிறு, ஒரு சால், அதன் அடியில் தோலால் ஆன வால். அந்தத் தோலைப் பதமாக்கித் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். தோல் கிணற்றுக்குள் ஆயிரம் முறை இறங்கி ஏறும். அது கொண்டுவந்த தண்ணீரில் பயிரும் விளையும், ஊரும் குடிக்கும். ஆனால், தைத்தவர் அதே கிணற்றில் இறங்கி ஒரு வாய் தண்ணீர் மொள்ள முடியாது.

பொருள் வேண்டும். உழைப்பு வேண்டும். ஆள் மட்டும் தள்ளியே நிற்க வேண்டும். பாலுவின் வாழ்க்கை முழுக்க இந்தக் கணக்குதான்.

* * *

பாலுவின் முதல் வேலை புனேவில் பார்சிகள் நடத்திய கிரிக்கெட் கிளப்பில். மைதானத்தைப் பெருக்க வேண்டும். பிட்ச்சுக்கு ரோலர் உருட்ட வேண்டும். மெம்பர்கள் எப்போதாவது கூப்பிட்டால் பந்து போட வேண்டும். சம்பளம் மாதம் மூன்று ரூபாய்.

1892 வாக்கில் வெள்ளைக்காரர்களின் புனே கிளப்புக்கு மாறுகிறார். அங்கே நான்கு ரூபாய். வேலையும் கூடுதல். பிட்ச் தயார் பண்ணுவது, கோடு போடுவது, வலை கட்டுவது, டென்னிஸ் கோர்ட்டைப் பராமரிப்பது, இன்னும் என்னென்னவோ. அங்கேதான் ட்ராஸ் என்கிற ஒரு துரை, 'எனக்குக் கொஞ்சம் பந்து போடேன்' என்று வலைக்குள் அழைக்கிறார். பாலு போடுகிறார். மெதுவாக, இடது கையால். பந்து மிதந்து வருகிறது. தரையில் பட்டதும் வேறு எங்கோ போகிறது. துரைக்கு வியப்பு. மற்ற துரைகளும் வரிசையில் நின்றார்கள்.

பிறகென்ன... தினமும் மணிக்கணக்காகப் பந்துவீச்சு. நாள்கணக்கில், மாதக்கணக்கில், வருடக்கணக்கில்.

இதில் ஒரு சங்கதி. புனே கிளப்பில் இருந்த அத்தனை காலத்திலும் பாலுவின் கையில் ஒருவர்கூட மட்டையைக் கொடுத்து 'நீ கொஞ்சம் அடி' என்று சொன்னதில்லை. மட்டை பிடிப்பது எஜமானர்களின் சமாச்சாரம். பந்து போடுவது வேலைக்காரனின் வேலை.

இது இந்தியாவின் சொந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. இங்கிலாந்திலேயே அப்படித்தான். 'ஜென்டில்மென்' என்று ஒரு கூட்டம், 'ப்ளேயர்ஸ்' என்று ஒரு கூட்டம். முதல் கூட்டம் காசுக்கு ஆடாத கனவான்கள். அடுத்த கூட்டம் கூலிக்கு ஆடுபவர்கள். இருவருக்கும் உடை மாற்றும் அறை தனித்தனி. பல மைதானங்களில் உள்ளே இறங்குகிற வாசல்கூட வேறு வேறு. மட்டை சுழற்றிப் புகழ் வாங்குவதில் கனவான்களுக்கு ருசி அதிகம். வெயிலில் ஓடி ஓடிப் பந்து போடும் பாரத்தில் பெரும்பங்கு கூலிக்காரர்கள் தலையில். இந்தப் பிரிவினையை இங்கிலாந்துக்காரர்கள் சட்டப்படி ஒழித்தது எப்போது தெரியுமா? 1962-இல்! நமக்குச் சுதந்திரம் கொடுத்துவிட்டு, பதினைந்து வருடம் கழித்து.

ஆக, பந்துவீச்சு என்பது உடலுழைப்பு. பாலு அந்தக் கூலி வேலையை ஒரு வித்தையாக மாற்றிவிட்டார். மட்டை கொடுக்காமல் பந்தை மட்டும் கொடுத்தார்கள். அவர் பந்தில் கரை கண்டார்.

* * *

புனே கிளப்பின் ஹீரோ, ஜே.ஜி.கிரெய்க். ராணுவ அதிகாரி. உயரம் குறைவு, திறமை ஏராளம். அந்தக் காலத்து இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார ஆட்டக்காரர்களில் இவரைத்தான் முதலாவதாகச் சொன்னார்கள். ஜான் கிளென்னி என்ற அவர் பெயரை நம்மவர்கள் 'ஜங்க்ளி' ஆக்கிவிட்டார்கள். பிற்காலத்தில் ராணுவத்தை விட்டுவிட்டுப் பாதிரியார் ஆனார் என்பது உபரித் தகவல்.

இந்த ஜங்க்ளி துரை, மேட்ச்சுக்குத் தன்னைத் தயார்படுத்திக்கொள்ள, மற்றவர்கள் வருவதற்கு முன்பே மைதானத்துக்கு வந்து பாலுவைப் பந்து போடச் சொல்வாராம். தன்னை ஒருமுறை அவுட்டாக்கினால் எட்டணா கொடுப்பார் என்று ஒரு கதை உண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டணா என்றால் அரை ரூபாய். எட்டு தடவை அவுட்டாக்கினால் நான்கு ரூபாய். அதாவது, மைதானத்தைப் பெருக்கி, ரோலர் உருட்டி, வலை கட்டி ஒரு மாதம் முழுக்கச் சம்பாதிக்கிற காசு. சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை, இன்சென்டிவ் விக்கெட்டுக்கு ஒருமுறை! பொருளாதாரப் பாடப் புத்தகம் எதுவும் படிக்காமலேயே, நாட்டின் தலைசிறந்த பேட்ஸ்மேனைத் திரும்பத் திரும்ப அவுட்டாக்க ஒரு இளைஞன் ஏன் பழகிக்கொண்டான் என்பது இப்போது புரிகிறதா?

விஷயம் ஊருக்குள் பரவியது. 'துரைமார்களைத் திணறடிக்கிற ஒரு பையன் இருக்கானாம்.' புனேவின் இந்து கிளப்பும் வெள்ளைக்காரர்களை ஜெயித்தாக வேண்டுமென்று துடித்துக்கொண்டிருந்தது. பாலு வந்தால் ஜெயிக்கலாம். ஆனால், பாலு வந்தால் தீட்டு.

கிளப் இரண்டு பட்டது. தெலுங்கு பேசும் மெம்பர்கள் சிலர் 'சேர்க்கலாம்' என்றார்கள். உள்ளூர்ப் பிராமணர்கள் பலர் 'கூடவே கூடாது' என்றார்கள். கடைசியில் பஞ்சாயத்துப் பண்ணியது யார் தெரியுமா? எதிரணிக்காரரான கிரெய்க்கேதான். பாலுவைச் சேர்க்காவிட்டால் இந்துக்கள் முட்டாள்கள் என்கிற ரீதியில் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். தினமும் வலையில் அனுபவித்தவர் அல்லவா!

சேர்த்தார்கள். ஆனால், களத்தில் மட்டும். அதன் பிறகு நடந்ததுதான் நீங்கள் ஆரம்பத்தில் பார்த்த மண் குவளைக் காட்சி.

பாலு ஜெயித்துக் கொடுத்தார். புனே வெள்ளைக்காரர்கள் தோற்றார்கள். அடுத்து சதாரா. வெள்ளைக்காரர்கள் மட்டுமே மெம்பராக முடிந்த ஜிம்கானா. பாலு வருகிறார் என்று தெரிந்ததும், சுழல் எடுபடக்கூடாது என்று ஒரு வாரம் பிட்ச்சை உருட்டு உருட்டென்று உருட்டிக் கல்லாக்கி வைத்தார்களாம். ரோலர் உருட்டியே வளர்ந்தவனிடம் ரோலர் வித்தையா? அந்த மேட்ச்சில் பாலுவுக்கு 7 விக்கெட். ஊர் திரும்பியதும் யானை மேல் ஊர்வலம், மாலை, மரியாதை! பொதுமேடையில் மாலை போட்டவர், சமூகச் சீர்திருத்தவாதியான நீதிபதி மகாதேவ் கோவிந்த ரானடே. 'ஒன்றாக விளையாட முடியுமென்றால் ஒன்றாக டீயும் குடிக்கத்தான் வேண்டும்' என்று மற்ற வீரர்களுக்கு அவர் சொன்ன அறிவுரையையும் குறித்து வைத்திருக்கிறார்கள். பால கங்காதர திலகரும் பாலுவைப் பாராட்டினார்.

யானை மேல் ஏற்றுவதில் சிரமம் இல்லை. பெவிலியனுக்குள் ஏற்றுவதில்தான் சிக்கல்.

* * *

1896-இல் புனேவைப் பிளேக் தாக்கியது. பாலு பம்பாய் போனார். கொஞ்ச காலம் ராணுவம், பிறகு ரயில்வே வேலை. பம்பாயின் இந்து ஜிம்கானாவில் சேர்வதற்கும் முணுமுணுப்பு எழுந்தது. கேப்டன் பிடிவாதமாக நின்று சேர்த்துக்கொண்டார்.

1906 பிப்ரவரி. பம்பாய் ஜிம்கானா மைதானம். இந்துக்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் மேட்ச். அந்தச் சமயத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அதற்கு முந்தின வருடம்தான் கர்சான் வங்காளத்தைப் பிரித்திருந்தார். நாடெங்கும் சுதேசி அலை. அதே 1906-இல்தான் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தார். 1908-இல் அவரைக் கோவைச் சிறைக்குக் கொண்டுவந்து செக்கிழுக்க வைத்தது நம் ஊர் வரலாறு.

அப்பேர்ப்பட்ட நேரத்தில், மைதானத்துக்குள் வெள்ளைக்காரர்களை நேருக்கு நேர் தோற்கடிக்க ஒரு வாய்ப்பு. இந்துக்கள் 242. ஐரோப்பியர்கள் 191. இரண்டாவது இன்னிங்ஸில் இந்துக்கள் 160. ஐரோப்பியர்களுக்கு 212 ரன் இலக்கு. 102-க்குச் சுருண்டார்கள்! அந்தச் சரிவை முன்னால் நின்று நடத்தியது பாலு. டீமில் தம்பி சிவராமும் உண்டு. 109 ரன் வித்தியாசத்தில் வெற்றி.

இதைப் பற்றி அன்றைக்கு மிகக் கூர்மையாக எழுதிய பத்திரிகைகளில் ஒன்று 'இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்'. 1890-இல் சென்னையில் பிறந்து பிறகு பம்பாய்க்குக் குடிபோன பத்திரிகை. ஆசிரியர் காமாட்சி நடராஜன், நம்மூர்க்காரர். வெற்றிக்குக் காரணம் சாதியை ஒதுக்கிவைத்து பல்வங்கர் சகோதரர்களைச் சேர்த்துக்கொண்டதுதான். மைதானத்தில் கற்ற பாடத்தை அரசியலிலும் சமூகத்திலும் படிப்பிலும் கடைப்பிடித்தால் நாடு உருப்படும். இதுதான் அவர்கள் சொன்னதன் சாரம்.

இப்போது டீ எங்கே குடித்தார் என்கிறீர்களா? பம்பாயில் பாலுவுக்குப் பெவிலியன் கதவு திறந்தது. சக வீரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். பத்து வருடத்தில் வாசலிலிருந்து உள்ளே வந்திருந்தார். அந்தப் பத்து வருடத்தை அவர் ஒவ்வொரு விக்கெட்டாக வீழ்த்தித்தான் கடந்தார் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

* * *

1911. முதன்முறையாக ஓர் அகில இந்திய டீம் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியது. இந்து, முஸ்லிம், பார்சி எல்லோரும் கலந்த டீம். கேப்டன் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். வயது 19. அந்த வருடம் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழா. மகாராஜாவுக்கு விருந்துகள் முக்கியமா, விக்கெட்டுகள் முக்கியமா? ஆரம்ப ஆட்டங்கள் சிலவற்றோடு சரி, கழன்றுகொண்டார்.

டீம் அடி மேல் அடி வாங்கியது. மொத்தம் 23 ஆட்டம். 15 தோல்வி, 6 வெற்றி, 2 டிரா. ஆனால், ஒருவர் மட்டும் தோற்கவே இல்லை. பாலுவுக்கு அப்போது முப்பத்தைந்தை ஒட்டிய வயது. தோள்பட்டையில் வலி வேறு. லங்காஷயருக்கு எதிராக 83 ரன் கொடுத்து 7 விக்கெட். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 103 ரன்னுக்கு 8 விக்கெட். அந்தச் சுற்றுப்பயணத்தில் மொத்தம் 114 விக்கெட்! சராசரி 19 ரன்னுக்கும் கீழே. தம்பி சிவராம், சாமர்செட் அணிக்கு எதிராகச் சதம் அடித்தார்.

இளமையெல்லாம் வலையில் கழிந்த பிறகு, தோள் தேய்ந்த வயதில், உலகத்தின் முன்னால் கிடைத்த ஒரே வாய்ப்பு இது. அமெரிக்காவிலும் இப்படி ஒருவர் உண்டு. பேஸ்பால் பந்துவீச்சாளர் சாட்செல் பேஜ். கறுப்பர் என்பதால் வெள்ளையர் லீகில் இடமில்லை. கறுப்பர் லீகுகளில் காலமெல்லாம் வீசினார். கடைசியில் 1948-இல், 42-வது வயதில், கிளீவ்லாந்து டீம் கதவைத் திறந்தது. பாலுவையும் பேஜையும் பார்க்கும்போது மனசுக்குள் ஒரே கேள்விதான் உறுத்துகிறது. இருபத்தைந்து வயதில் விட்டிருந்தால்?

பம்பாய் திரும்பியபோது ஒடுக்கப்பட்ட மக்கள் பாலுவுக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். அந்தக் காலத்தில் பாலுவைப் பெருமையோடு அண்ணாந்து பார்த்தவர்களில் எல்பின்ஸ்டன் கல்லூரி மாணவர் ஒருவரும் உண்டு. பெயர், பீமராவ் ராம்ஜி அம்பேத்கர்.

* * *

சரி, இவ்வளவு பெரிய ஆட்டக்காரர். கேப்டன் ஆக்கினார்களா?

ம்ஹூம்.

1913-இல் கேப்டனாக நியமிக்கப்பட்ட எம்.டி.பாய் என்ற பிராமணர், பாராட்டுக் கூட்டத்திலேயே எழுந்து, 'இந்தப் பெருமை என் நண்பர் பாலுவுக்குப் போயிருக்க வேண்டும்' என்றார். கைதட்டல் கிடைத்தது. பதவி கிடைக்கவில்லை. வருடங்கள் ஓடின. 1920-இல் பாய்க்கு உடம்பு சரியில்லாதபோது கேப்டன் பொறுப்பை டி.பி.தேவ்தருக்குக் கொடுத்தது தேர்வுக்குழு. வயதில் இளையவர், மேல்சாதி. பாலுவையோ டீமிலிருந்தே கழற்றிவிட்டார்கள்.

தம்பிகள் சிவராமும் விட்டலும் பொறுக்கவில்லை. 'எங்களுக்கும் வேண்டாம் உங்கள் டீம்' என்று வெளியே வந்து, காரணத்தைப் பொதுவில் போட்டு உடைத்தார்கள். ஊரில் பேச்சாகிவிட்டது. இறுதி ஆட்டத்துக்குச் சகோதரர்களைத் திரும்ப அழைத்தார்கள். பாய் கேப்டன், பாலு துணை கேப்டன். ஆட்டத்தின் நடுவே பாய் வெளியேறியபோது, களத்தில் டீமை நடத்தினார் பாலு. சில மணி நேர கேப்டன்!

மூன்று வருடம் கழித்து, 1923-இல், கடைசித் தம்பி விட்டல் முறைப்படி இந்துக்களின் கேப்டன் ஆனார். கோப்பையும் ஜெயித்தார். மேல்சாதி ரசிகர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அண்ணனுக்கு வாசலில் டீ. தம்பிக்குத் தோளில் இடம். நடுவே இருப்பது முப்பது வருடம் கூட இல்லை. வரலாறு நகரவே இல்லை என்று சொல்பவர்களுக்கு இது ஒரு பதில். தானாகவே நகர்ந்துவிடும் என்று சொல்பவர்களுக்கும் இதுதான் பதில்.

* * *

கதையின் கடைசிப் பகுதி கொஞ்சம் கனமானது.

1932. ஒடுக்கப்பட்டோருக்குத் தனித்தொகுதி தருவதாக பிரிட்டிஷ் அரசு அறிவிக்கிறது. அம்பேத்கர் வரவேற்கிறார். காந்தி எதிர்த்து, செப்டம்பர் 20 அன்று எரவாடா சிறையில் உண்ணாவிரதம் தொடங்குகிறார். எரவாடா இருப்பது எங்கே? புனேவில். பாலு நான்கு ரூபாய்க்கு ரோலர் உருட்டிய அதே ஊர்.

பாலு அப்போது காங்கிரஸ் பக்கம். நம் சென்னையின் எம்.சி.ராஜாவும் அவரும் சேர்ந்து அம்பேத்கரைச் சந்தித்துச் சமரசம் பேசினார்கள். செப்டம்பர் 24 அன்று புனே ஒப்பந்தம் கையெழுத்தானது. தனித்தொகுதிக்குப் பதில், கூட்டு வாக்காளர் முறையில் 148 இடங்கள். கையெழுத்துப் போட்டவர்கள் வரிசையில் அம்பேத்கர், ராஜாஜி, எம்.சி.ராஜா, ரெட்டமலை சீனிவாசன் இவர்களோடு ஒரு பெயர்: பி.பாலு. முன்னாள் மைதானப் பணியாளர். நாட்டின் தலையெழுத்தை எழுதிய தாளில் அதே இடது கைக்காரர்!

நம் ஊராட்சித் தலைவர் பதவி தொடங்கி சட்டசபை, பாராளுமன்றத் தொகுதி வரைக்கும் 'தனி' என்று போட்டிருப்பதைப் பார்க்கிறீர்கள் அல்லவா? அந்த ஏற்பாட்டின் கதையில் இந்தக் காகிதத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால், அரசியல் மைதானம் வேறு மாதிரி. 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கர் நிற்கிறார். அவரை எதிர்த்து நிறுத்த காங்கிரஸுக்குப் பெயருள்ள ஒரு தாழ்த்தப்பட்ட வேட்பாளர் தேவை. பாலுவைப் பிடித்தார்கள். அவருக்கோ அரைமனசு. கட்சிக் கட்டளைக்காகத்தான் நின்றார். முடிவு: அம்பேத்கர் 13,245. பாலு 11,225.

ஒரு காலத்தில் பாலுவை அண்ணாந்து பார்த்தவர் அம்பேத்கர். அவருக்கு எதிராக, யாரோ வகுத்த வியூகத்துக்குப் பாலு பந்து போட வேண்டியிருந்தது. வலையில் துரைமார்களுக்கு வீசியதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று சிலர் கேட்கலாம். ஆனால், பாலு வெறும் பகடைக்காய் இல்லை. இந்து சமூகத்துக்குள் இருந்தபடியே மாற்றலாம் என்று அவர் உண்மையாகவே நம்பினார். மதம் மாறப்போவதாக அம்பேத்கர் அறிவித்தபோது எதிர்த்தும் பேசினார். பெவிலியன் கதவு தன் கண் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்ததைப் பார்த்தவர் அவர். அம்பேத்கரோ, இன்னும் எத்தனை தலைமுறை வாசலில் நிற்பது என்று கேட்டவர். இரண்டு பேருக்கும் நியாயம் இருந்தது. 2,020 ஓட்டு வித்தியாசத்தில் ஜனங்கள் எந்த நியாயம் அவசரமானது என்று சொன்னார்கள்.

1955 ஜூலை 4 அன்று பம்பாயில் பாலு காலமானார்.

* * *

அவரை ஏன் நமக்குத் தெரியாமல் போனது? ஒரு காரணம் எளிமையானது. இந்தியா முதல் டெஸ்ட் மேட்ச் ஆடியது 1932 ஜூனில். பாலு அப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார். டெஸ்ட் ஆடாதவர் பெயர் ரெக்கார்டு புத்தகத்தின் முதல் பக்கங்களில் வராது. 2002-இல் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா இந்தியக் கிரிக்கெட்டைப் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்றை எழுதி, பாலுவை நடுவில் கொண்டுவந்து உட்கார வைத்தார். அதற்குப் பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது.

2020 கடைசியில் நம் கொங்குப் பக்கத்திலிருந்து ஒரு இடது கைக்காரர் ஆஸ்திரேலியா போனார். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி டி.நடராஜன். போனது டீமில் ஆட இல்லை. வலையில் மற்றவர்களுக்குப் பந்து போட. 'நெட் பவுலர்' என்று அதற்கு நாகரிகமான பெயர். ஒருவர் பின் ஒருவராகக் காயம்பட, அதே பயணத்திலேயே ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக ஆடினார். 2021 ஜனவரியில் ஊர் திரும்பியபோது சாரட்டில் வைத்து ஊர்வலம் விட்டார்கள். வலையிலிருந்து டெஸ்ட்டுக்கு அவருக்குச் சில வாரங்கள் ஆயின. பாலுவுக்கு ஓர் ஆயுள் முழுக்கப் போதவில்லை. நடுவில் இருக்கிற நூற்றிச் சொச்சம் வருடங்களில் வலையிலேயே நின்றுவிட்ட ஆட்கள் எத்தனை பேரோ, அவர்களுக்குப் பெயரும் இல்லை, கணக்கும் இல்லை.

பாலுவுக்கு மட்டும் கணக்கு இருக்கிறது. முதல்தர ஆட்டங்கள் 33. விக்கெட் 179. சராசரி 15.21. இன்றைக்கும் கண்ணை விரிய வைக்கிற வரவு. எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டியவை: மண் குவளை, தனித் தட்டு, கொடுக்காத மட்டை, கொடுக்காத கேப்டன் பதவி. ஐந்தொகை போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் டேலி ஆகாது. பாக்கி பாலுவின் பெயரில் இல்லை.